நினைவு மலருக்கு அரைப் பக்கம்

9 ஜூலை 2024, செவ்வாய்

விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்து திருநெல்வேலியிலிருந்து மதியம் வந்தேன். வடசேரி பஸ் நிலையத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் நான்கு பேர் என்னை நிறுத்தி, தபால் ஆபீஸ் தாணுமாலயன் சனிக்கிழமை இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான்கு பேரும் ஒரே வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னார்கள்: "குடும்பத்துக்காகவே வாழ்ந்த மனுசன்." ஆட்டோக்காரர், மளிகைக் கடைக்காரர், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார், பால் கொண்டுவரும் பெண். இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். நான்கு பேர் ஒரே சொற்களில் சாட்சி சொன்னால் அது தரவு அல்ல, தொற்று.

வயது அறுபத்தாறு. தூக்கத்திலேயே போய்விட்டார். நல்ல மனுசனுக்கு நல்ல சாவு என்கிறார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு அயோக்கியர்களும் தூக்கத்தில்தான் போனார்கள்.

பால் திரிந்துவிட்டது. சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

10 ஜூலை, புதன்

துக்கம் கேட்கப் போகாமல் இருக்க முடியாது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. போனேன்.

படத்துக்கு முன்னால் விளக்கு. அவருடைய மனைவி செண்பகவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சரம்மா, உங்களைப் பத்திப் பேசாத நாள் கிடையாது கேட்டேளா" என்றார். செத்தவர் வீட்டில் எல்லாரிடமும் இப்படித்தான் சொல்வார்கள்.

மகன் நீலகண்டன் மருந்து கம்பெனியில் விற்பனை மேலாளர். துக்க வீட்டிலும் விற்பனை மேலாளரைப் போலவே நடந்துகொள்கிறான். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் அச்சடிக்கிறானாம். வழவழப்புத் தாள், நாற்பது பக்கம்.

"மேடம், நீங்க ஒரு அரைப் பக்கம் எழுதித் தரணும். அந்த விசயத்தை."

"எந்த விஷயம்?"

"அதான் மேடம், அப்பா உங்க குடும்பத்தைச் சேர்த்து வச்சாரே. எங்களுக்கெல்லாம் தெரியும். சாப்பிட உக்காந்தா அதைத்தான் சொல்லுவாரு. 'ஒரு குடும்பத்தைக் காப்பாத்தினேன், சர்வீஸ்ல அது போதும் எனக்கு'ன்னு."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். பதினெட்டு வருடமாக என் கதை அந்த வீட்டில் சோற்றோடு பரிமாறப்பட்டிருக்கிறது.

"யோசிக்கிறேன்" என்றேன்.

"அடுத்த வாரம் வியாழக்கிழமை அச்சுக்குப் போகணும் மேடம். பாத்துக்கிடுங்க."

உள்ளறைக் கதவருகே மகள் ஸ்ரீஜா உட்கார்ந்திருந்தாள். மார்த்தாண்டத்தில் கட்டிக் கொடுத்த பெண். யார் பேசும்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே வரும்போது நீலகண்டன் அவளிடம், "அடியந்திரம் முடிஞ்ச கையோட பிஜு கார்ல வருவான், துணியெல்லாம் எடுத்து வச்சிரு" என்று சொன்னது காதில் விழுந்தது. பிஜு அவள் கணவன்.

11 ஜூலை, வியாழன்

எழுதவில்லை. குழாய்க்கு வாஷர் மாற்றினேன்.

13 ஜூலை, சனி

காலையில் உட்கார்ந்து எழுத முயன்றேன். 'இனிய முகத்தோடு' என்று தொடங்கி அடித்தேன். அடுத்து 'அன்பின் உருவமாக' என்று எழுதியதையும் அடித்தேன். இந்தச் சொற்களை யார் செத்தாலும் கழுவி மறுபடி உபயோகிக்கிறார்கள்.

எனக்கு ஞாபகம் இருப்பதை மட்டும் எழுதிப் பார்க்கிறேன். தெருமுனைத் தபால் ஆபீஸ் கவுன்டரில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் குடும்பப் படங்கள். வருகிறவர்களுக்கு வேண்டுமோ வேண்டாமோ, காட்டுவார். மனைவிக்குக் கைமுட்டி வாதம் என்பதால் மகளுக்குத் தினமும் அவரே ரெட்டைச் சடை போட்டுவிட்டு வருவார். ஸ்டாம்ப் கிழித்துக் கொடுக்கும் விரலில் தேங்காய் எண்ணெய் வாசனை அடிக்கும். ஊரே அதைச் சொல்லி உருகும். என் தபால்தலைகளில் எண்ணெய்க் கறை படிந்திருக்கும், அதை யாரும் சொல்வதில்லை.

எந்த வீட்டுக்கு யாரிடமிருந்து கடிதம் வருகிறது, எது நின்றுபோயிற்று என்று எல்லாம் தெரியும். அதைக் கனிவு என்றார்கள். மற்றவர் செய்தால் வம்பு.

வாரம் ஒரு முறை நான் தபால்தலை வாங்கப் போவேன். தபால்தலைக்கு எப்போதும் ஏதாவது தேவை இருக்கும். அவர் 2018இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு அந்த ஆபீசுக்குப் போக நேரம் அமையவில்லை. இன்று மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது, பிரிக்காத தபால்தலைத் தாள்கள் ஒரு கட்டு இருந்தது. மின்னஞ்சல் வந்துவிட்டதால் மீந்துபோனவை.

14 ஜூலை, ஞாயிறு

ஞாயிறு காலை பத்து மணி. குமரேசனின் ஃபோன். என் கணவர். நாக்பூரில் வேலை. பொங்கலுக்கு ஒரு வாரம், மே மாதம் பத்து நாள் வருவார். மற்றபடி வாரத்துக்கு ஐந்து நிமிடம்.

"கரண்ட் பில் கட்டியாச்சா?"

"கட்டியாச்சு."

"அக்டோபர்ல ரிட்டயர்டு. நிரந்தரமா வந்துடறேன். முன் ரூமுக்கு வெள்ளை அடிச்சு வை. உன் மேஜை, புஸ்தகம் எல்லாம் மாடிக்கு ஏத்திடு. எனக்கு முன் ரூம்தான் காத்து."

"ம்."

"வேற?"

"ஒண்ணுமில்லை."

நான்கு நிமிடம் இருபது நொடி.

எழுதிவிடுகிறேன். 2006 ஆகஸ்ட். என் பெயரில், என் கையெழுத்தைப் போட்டு, கல்லூரி முதல்வருக்கு ராஜினாமாக் கடிதம் அனுப்பினார் குமரேசன். மனைவி நாக்பூருக்கு வந்து சேர அது சுலபமான வழி என்று நினைத்தார். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "உங்க கையெழுத்து இவ்வளவு அழகா இருக்காதே" என்று கேட்டதால் வேலை தப்பியது. அதே வாரம் வக்கீலைப் பார்த்து விவாகரத்து நோட்டீஸ் தயார் செய்தேன். வக்கீலின் குமாஸ்தாவுக்கு வாய் நிற்காது. நானே தபாலில் சேர்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

உறையின் மேல் வக்கீலின் பெயர், பெறுபவர் குமரேசன், நாக்பூர். தாணுமாலயன் இரண்டு பெயரையும் படித்தார். என்னைப் பார்த்தார்.

"பை கட்டியாச்சு மேடம். நாளைக்கு வாங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் தபால் பை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அரக்கு இன்னும் உருக்கவே இல்லை. மணி இரண்டே முக்கால்.

மறுநாள், "பின்கோடுல ஒரு நம்பர் சந்தேகமா இருக்கு. வக்கீல்ட்ட கேட்டுட்டு வாங்க மேடம்."

மூன்றாம் நாள் உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார். டீ வரவழைத்தார்.

"கோவத்துல எழுதினதை மூணு நாள் வச்சுப் பாக்கணும் மேடம். எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் சண்டை வராத மாசம் உண்டா? பிள்ளைகள் முகத்தைப் பாத்தா அடங்கிரும்."

"எனக்குப் பிள்ளைகள் இல்லை."

முகம் வாடிவிட்டது. "அப்பம் ரெண்டு பேர்தானே இருக்கீங்க. ரெண்டு பேரும் பிரிஞ்சா மிச்சம் யாரு?" என்றார். கண் கலங்கியிருந்தது. ஓர் அரசு ஊழியர் வேலை நேரத்தில் கண் கலங்குவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உறையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். நான்காம் நாள் போகவில்லை.

இவ்வளவுதான் அவர் செய்த மகத்தான காரியம்.

16 ஜூலை, செவ்வாய்

சாயங்காலம் சாரல். ஸ்ரீஜா குடை இல்லாமல் வந்து நின்றாள். கட்டுரையை வாங்க அண்ணன் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன்.

"எழுதிட்டீங்களா மேடம்?"

"இன்னும் இல்லை."

"எழுதாதீங்க."

உட்காரச் சொன்னேன். ஈரத்தோடு சோபாவில் உட்கார்ந்தாள். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அடுத்தவர் பொருளைப் பற்றி யோசனை கிடையாது.

"அப்பா உங்க விசயத்தை எனக்குத்தான் அதிகம் சொல்லுவாரு" என்றாள். "நான் ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வந்து நிக்கும்போதும் சொல்லுவாரு. 'எம்எஸ்சி, எம்ஃபில் படிச்சவங்க, அவங்களே அனுசரிச்சுப் போகலையா மக்கா'ன்னு. சொல்லிட்டு பஸ்ல கூட்டிட்டுப் போயி விட்டுருவாரு. மூணு தடவை. மார்த்தாண்டம் வரைக்கும் எங் கையைப் பிடிச்சுக்கிட்டே வருவாரு. வாசல்ல விட்டுட்டு அழுவாரு. ஆனா விட்டுட்டுத்தான் போவாரு."

"உன் வீட்டுக்காரர் அடிக்கிறாரா?"

"இல்ல மேடம். அடிச்சாலாவது சொல்லிக் காட்ட ஒரு தடம் இருக்கும். வெளிய பூட்டிட்டு வேலைக்குப் போயிருவாரு. காலைல எட்டரைக்குப் பூட்டினா ராத்திரி ஏழு. ஃபோனும் அவர்ட்ட. நான் பார்மசி படிச்சவ. மூணு வருசமா ஒரு மாத்திரைப் பட்டை கையால தொட்டதில்ல."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். சனிக்கிழமை சனிக்கிழமை வருவாரு. பூட்டைப் பாப்பாரு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு ஒரு மணி நேரம் பேசுவாரு. பழம்பொரி வாங்கிட்டு வந்து கம்பி வழியா ஒண்ணொண்ணா தருவாரு. அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிருவாரு." நனைந்த தலைமுடியைப் பிழிந்தாள். "ஒரு சனிக்கிழமை கூடத் தவறினதில்ல. அதுதான் மேடம் எனக்குத் தாங்கல."

டவல் எடுத்துக் கொடுத்தேன்.

"மலர்ல உங்க பேர்ல அது வந்தா, எங்க மாமியார் அதைக் கண்ணாடி போட்டு மாட்டிருவாங்க. அண்ணன் அதுக்காகத்தான் கேக்கான்."

"நான் எழுதாவிட்டால் உன் அண்ணன் எழுதுவான்."

"எழுதுவான்."

"அதற்கு நான் எழுதுவதே மேல்."

என்னை நம்பாமல் பார்த்தாள். நியாயம்தான். நானும் யாரையும் அவ்வளவு சீக்கிரம் நம்புகிறவள் இல்லை. குடை கொடுத்தேன். திருப்பித் தரவேண்டும் என்று சொல்லியே கொடுத்தேன்.

17 ஜூலை, புதன்

தலைமைத் தபால் ஆபீஸ் பஸ்ஸில் மூன்றே நிறுத்தம். 2006லும் அங்கேதான் இருந்தது. அப்போது எனக்கு உள்மதிப்பீட்டுத் தாள்கள் நூற்று இருபது திருத்த வேண்டியிருந்தது. மழையும் பெய்தது. செப்டம்பரிலும் பெய்தது.

18 ஜூலை, வியாழன்

காலையில் எழுதி முடித்தேன். இங்கேயும் ஒரு பிரதி:

'2006 ஆகஸ்டில் என் கணவருக்கு நான் அனுப்ப வேண்டியிருந்த விவாகரத்து நோட்டீஸை, தாணுமாலயன் மூன்று நாள் பதிவுத் தபாலில் வாங்க மறுத்தார். ஒரு குடும்பம் பிரியக் கூடாது என்று நினைத்தார். நான்காம் நாள் நான் போகவில்லை. அந்த நோட்டீஸ் இன்றுவரை அனுப்பப்படவில்லை. என் கணவர் இன்றும் என் கணவர். நாங்கள் வாரத்துக்கு ஐந்து நிமிடம் பேசிக்கொள்கிறோம். இதைக் குடும்பம் என்று தாணுமாலயன் நம்பினார், அது அவருடைய பிழை. நம்பியதுபோல் இருந்துவிட்டது என்னுடையது.'

கல்லூரியில் யாருக்கும் தெரியாத ஒன்றை ஐந்நூறு பிரதி அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் ஊழியர் அறையில் என்ன பேசுவார்கள் என்று தெரியும். அந்த அறையில் பேசப்படும் மற்ற விஷயங்களைவிட இது கொஞ்சம் தரமானதாகவே இருக்கும்.

நீலகண்டன் வாசலில் நின்றபடியே படித்தான். கடைசி வரிகளுக்கு வந்தபோது புருவம் ஏறி இறங்கியது.

"ரொம்ப உருக்கமா இருக்கு மேடம்" என்றான்.

முட்டாளா, நடிக்கிறானா என்று தீர்மானிக்க முடியவில்லை. விற்பனையில் இருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் தேவைப்படுவதில்லை.

20 ஜூலை, சனி

ரேஷன் கடை. அரிசியில் வண்டு. குடை இன்னும் வரவில்லை.

21 ஜூலை, ஞாயிறு

அடியந்திரம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணி ஃபோனை எடுக்காமல் கிளம்பினேன். வாசலில் ஒருவன் சந்தனக் கும்பாவும் மலருமாக நின்றான். அட்டையில் தாணுமாலயன், பின்னணியில் சூரிய உதயம். அந்த மனிதர் வாழ்நாளில் சூரிய உதயத்தைப் பார்த்திருக்க வழியில்லை. அந்த நேரத்தில் சடை பின்னிக்கொண்டிருந்திருப்பார்.

பன்னிரண்டாம் பக்கத்தில் நான். பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டிருந்தது. நான் முனைவர் இல்லை. 'என் கணவர் இன்றும் என் கணவர்' என்பதோடு முடிந்திருந்தது. கீழே இரண்டு ரோஜாப்பூ.

வெட்டியது மூன்றே வாக்கியம். சொந்தமாக ஒரு சொல் சேர்க்கவில்லை. நான் எழுதியதை வைத்தே நான் சொல்லாததைச் சொல்லவைத்துவிட்டான். இவனைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

முதல் பந்தி முடிந்து பெண்கள் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீஜாவின் பெட்டி வாசலருகே வந்துவிட்டது. பிஜு கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். பார்க்கச் சாதுவான பையன், நெற்றியில் சந்தனம். அவன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பன்னிரண்டாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு ஸ்ரீஜாவின் தலையைத் தடவினாள்.

"கேட்டியா மக்கா? காலேஜ் புரொபசரே எழுதியிருக்காங்க. உங்கப்பன் ஊரான் வீட்டுக் குடும்பத்தையே பிரிய விடாதவரு. அவரு ஆத்மா சாந்தியடையணும்னா நீ செய்ய வேண்டியது என்னன்னு உனக்கே தெரியும். என்ன மேடம், சரிதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டினால் போதும். எத்தனையோ துறைக் கூட்டங்களில் இதைவிடப் பெரிய பொய்களுக்குத் தலையாட்டியிருக்கிறேன்.

"நான் எழுதினது முழுசா இதுல இல்லை" என்றேன்.

"இடம் பத்தல மேடம்" என்றான் நீலகண்டன், பரிமாறுகிற வாளியோடு.

"ரெண்டு ரோஜாப்பூவுக்கு இடம் இருந்திருக்கு."

யாரோ சிரித்தார்கள். விடுபட்ட வரிகளை மனப்பாடமாகச் சொன்னேன். வகுப்பில் சொல்வதுபோல, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி. பிறகு பிஜுவிடம், "உங்க வீட்டை வெளியிலேருந்து பூட்டிட்டுப் போறீங்களாமே, ஏன்?" என்று கேட்டேன்.

"அது... பாதுகாப்புக்குத்தான் மேடம். காலம் கெட்டுக் கிடக்கு."

"யாருக்குப் பாதுகாப்பு?"

"மேடம், இது எங்க குடும்ப விசயம்" என்றான் நீலகண்டன்.

"என் குடும்ப விஷயத்தை ஐந்நூறு பிரதி போட்டிருக்கீங்க."

அப்போதுதான் செண்பகவல்லி பேசினார். சத்தமே இல்லை. "பூட்டா? என்ன பூட்டு?"

பிஜு கார் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"அவரு சனிக்கிழமை வந்து சொல்லுவாரே" என்றார். "'உம் மக ஜன்னல்ல நிக்கா, நான் தெரு திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே நிக்கா, நல்லா இருக்கா'ன்னு. நான் சந்தோசப்பட்டேனே."

ஸ்ரீஜா அம்மாவைப் பார்த்தாள். "கதவு தொறக்க முடியாதும்மா. அதான் ஜன்னல்ல நின்னேன்."

செண்பகவல்லி எழ முயன்றார், முட்டி ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார். "பிஜு, சாப்ட்டுட்டுப் போப்பா. பாயசம் இருக்கு. அவ வரல."

மாமியார் கத்தினாள். நீலகண்டன் வாளியைக் கீழே வைத்தான். "அவ இங்க இருந்தா நான் இருக்க மாட்டேன். வீடு எம் பேர்ல இருக்கு, ஞாபகம் வச்சுக்கிடுங்க." செண்பகவல்லி அவனைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா, உங்க வீட்ல முன் அறை சும்மாதானே கெடக்கு?"

அடுத்தவர் வாழ்க்கையில் எது சும்மா கிடக்கிறது என்று தீர்மானிப்பது அந்தக் குடும்பத்துப் பழக்கம். சும்மா இல்லை, என் மேஜையும் புத்தகங்களும் இருக்கின்றன என்று சொல்லியிருக்கலாம்.

பெட்டியை ஸ்ரீஜா ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம். பிஜு தடுக்கவில்லை. அறுபது பேர் இலையில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள், பூட்டுவதற்கு அங்கே கதவு எதுவும் இல்லை.

22 ஜூலை, திங்கள்

அந்தப் பெண் காபிக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போடுகிறாள். ஈரத் துண்டை நாற்காலியில் போடுகிறாள். முன்கதவைத் திறந்தே வைக்கிறாள், தெருத் தூசி முழுக்க உள்ளே. மூடச் சொல்ல வாய் வரவில்லை.

24 ஜூலை, புதன்

ஊழியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. இருபத்து மூன்று வருடத்தில் அந்த அறை இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. வசதியாக நாற்பது தாள் திருத்தினேன்.

செண்பகவல்லி தூக்குவாளியில் புளிசேரி கொடுத்தனுப்பினார். உப்பு அதிகம். இருவரும் மிச்சம் வைக்கவில்லை. சாப்பிடும்போது ஸ்ரீஜா, "அப்பா நல்லவருதானே மேடம்?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன். "நல்லவர். அதில் சந்தேகமே இல்லை. ஊரில் எல்லாருக்கும் அவர் அவ்வளவு நல்லவராக இருந்ததால்தான் நாம் ரெண்டு பேரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை."

அழுதாள். நான் பாத்திரம் தேய்க்கப் போனேன். கொஞ்சம் அதிக நேரம் தேய்த்தேன்.

26 ஜூலை, வெள்ளி

மருத்துவமனை மருந்தகம் ஒன்றில் ஸ்ரீஜாவுக்கு நேர்முகத் தேர்வு. பஸ் நம்பர் சொல்லி அனுப்பினேன். கூடப் போகவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் கூட்டிப்போக ஆள் இருந்தது போதும்.

28 ஜூலை, ஞாயிறு

பத்து மணி.

"போன வாரம் ஏன் ஃபோன் எடுக்கலை?"

"ஒரு அடியந்திரம்."

"கரண்ட் பில்?"

"கட்டியாச்சு."

"முன் ரூமுக்கு வெள்ளை அடிச்சாச்சா?"

"இல்லை. அங்கே ஆள் இருக்கு."

"ஆளா? யாரு?"

"தபால் ஆபீஸ் தாணுமாலயன் மகள்."

"அவங்களுக்கு வீடு இல்லையா? எத்தனை நாளைக்கு?"

"அவளுக்கு எத்தனை நாள் வேணுமோ அத்தனை நாளைக்கு."

பின்னால் நாக்பூரில் ஒரு குக்கர் விசில் அடித்தது. வழக்கமாக இந்த நேரத்துக்கு ஃபோனை வைத்திருப்போம்.

"அப்போ அக்டோபர்ல வந்தா நான் எங்கே படுக்கிறது?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், அவர் தீர்மானிக்காமல் என்னிடம் கேட்ட முதல் விஷயம் இது.

"நாக்பூர்லயே" என்றேன்.